நான் உள்ளே வைக்கச் சொன்ன பேட்டரி

மின்சார வண்டி விற்கிற கடையில் வண்டியைவிட அதிகமாக விற்பது நம்பிக்கைதான்; அதில் பழுது கண்டவர்கள் நேராக என் மேசைக்கு வருவார்கள்.

வில்லியனூர் மெயின் ரோட்டில் ஒரு சின்ன ஷோரூம். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில், நான். புகாரைக் கேட்டு எழுதிக்கொள்வதும் பதில் சொல்வதும் வேலை. முப்பது வருஷம் ஒரு நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே யாரும் பேசக் கூடாது, இங்கே யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. என் கணவர் போன பிறகு ஒதியம்பட்டு வீட்டில் பகல் பொழுது நீண்டுகொண்டே போயிற்று, அதனால் வந்தேன். முதலாளி குமரவேல் ஒரு காலத்தில் என்னிடம் புத்தகம் வாங்கிப் போய்ப் படித்தவர். "நீங்க பேசினா ஜனங்க அடங்கிடுவாங்கம்மா" என்று சொல்லி உட்கார வைத்தார். மெக்கானிக் செல்வராசு இருபது வருஷம் பெட்ரோல் வண்டியில் கை கறுத்தவர். இந்த வேலையில் கை கறுப்பதில்லை என்பதே அவருக்கு ஒரு சந்தேகம்.

போனில் யோசனை சொல்லிப் பிழைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் சொல்லி முடித்துவிட்டு போனை வைத்துவிடுவோம். சொன்னது மட்டும் நாம் பார்த்தே இராத ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மணப்பட்டு மீன்காரி அஞ்சலைக்கு நான் சொன்ன ஒரு யோசனை அப்படிப் போய் உட்கார்ந்து, போன ஐப்பசியில் நாலு நாள் என்னைச் சாப்பிட விடவில்லை. அதற்கு முன்னால் தொழிலின் லட்சணத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

காகிதத்தில் ஓடும் வண்டி

வண்டி எடுக்க வருகிறவர் விலையைப் பிறகுதான் கேட்பார். முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எவ்ளோ தூரம் போவும்?" கம்பெனிக் காகிதத்தில் அதற்கு ஒரு எண் இருக்கிறது. நேரான சாலையில், ஒல்லியான ஓர் ஆள், காற்றடிக்காத காலையில் தனியாக ஓட்டிப் பார்த்து எடுத்த எண் அது என்று செல்வராசு சொல்வார். நம் பக்கத்தில் ஓர் ஆள் வண்டியில் தனியாகப் போவது வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பும்போது மட்டும்தான்.

ஏம்பலத்தில் கரும்பு வைத்திருக்கும் கலியபெருமாள் மின்சார பைக் ஒன்று எடுத்தார். பங்கில் நிற்க வேண்டாம், ஆயில் மாற்ற வேண்டாம், வயலில் இருக்கும்போது மோட்டார் கொட்டகையிலேயே செருகிவிடலாம். அவருக்கு ஒரே பூரிப்பு. முதல் மாதத்திலேயே தெரிந்தவர்கள் மூன்று பேரை அழைத்து வந்து வாங்க வைத்தார். பிறகு ஒருநாள் பின்னால் மனைவி, முன்னால் ஒரு யூரியா மூட்டை என்று பாகூரிலிருந்து திரும்பும்போது, இரண்டு பக்கமும் கரும்பு நிற்கும் ஓர் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் வண்டி என்றால் சாய்த்துப் பார்க்கலாம், குலுக்கிப் பார்க்கலாம், போகிறவரிடம் ஒரு பாட்டில் கேட்கலாம். இதில் செய்ய ஒன்றுமில்லை, கூடவே நிற்கலாம். அங்கிருந்து எனக்கு போன் போட்டார். நானும் காகிதத்தில் இருந்த எண்ணைப் பொறுமையாக வாசித்துக் காட்டினேன். போனை அவர் மனைவி வாங்கிச் சொன்னாள்:

"அப்போ அந்தக் காயிதத்துல ஓடற வண்டிய நீயே வச்சுக்கமா, ரோட்டுல ஓடறத எங்களுக்குக் குடு."

சத்தம் வேண்டும்

எங்கள் தெருவிலிருந்தே ஒரு புகார் வந்தது. எழுத முடியாத புகார். ஒரு பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும், கடைக்கே நடந்து வந்தாள். கணவர் டவுனில் வேலை பார்க்கிறார், போக வர மின்சார ஸ்கூட்டர். வண்டியில் ஒரு குறையும் இல்லை, பெட்ரோல் செலவு மிஞ்சுகிறது, ஓட்டவும் இலேசு என்றாள். பிறகு நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். பழைய வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் வரும். டிவியை அணைத்து, சிதறிக் கிடக்கும் துணியைச் சுருட்டி உள்ளே எறிந்து, அடுப்பில் தண்ணீரை வைக்க அந்த அரை நிமிஷம் அவளுக்குப் போதும். இப்போது மனிதர் ஆவி மாதிரி வந்து வாசலில் நிற்கிறார். இரண்டு தடவை பயந்தே கத்திவிட்டாளாம்.

நான் சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் பழைய ஸ்கூட்டர் ஒன்று தெருமுனையில் கியர் மாற்றும் சத்தத்தை எத்தனை வருஷம் நானும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன் என்று நினைவு வந்தது. இன்னும் சில சாயங்காலங்களில் அந்த நேரத்துக்குக் கை தானாகக் காபித்தூள் டப்பாவுக்குப் போகிறது. வண்டியில் சத்தம் வைக்கிற வசதி இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் விடவில்லை.

"இன்னாமா இவ்ளோ காசு வாங்குறீங்க, புருஷன் வர்றத சொல்றதுக்கு ஒரு டொர்ரு சத்தம் மாட்டித் தர முடியாதா?"

அஞ்சலை

அஞ்சலைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மணப்பட்டுக் கரையில் விடியலில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியோடு பாகூர் பக்கத்துத் தெருக்களில் விற்றுவிட்டு மத்தியானத்துக்குள் வீடு திரும்புகிறவள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஆனியில் வண்டி எடுத்தாள். கூடையைத் தலையில் வைத்து பஸ்ஸில் ஏறினால் நாலு பேர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், ஷேர் ஆட்டோக்காரன் பெட்டிக்குத் தனிக் காசு கேட்பான். இனி யாரிடமும் நிற்க வேண்டியதில்லை. வண்டி ஓட்டவும் அந்த வயதில்தான் கற்றுக்கொண்டாள். கடை முன்னால் இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி அவள் ஒரு சுற்று வந்தபோது, தெருவே வழி விட்டு நின்றது.

ஆடியில் போன் செய்தாள். சார்ஜ் போடும் இடமெல்லாம் பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கிறதாம். வண்டியைக் குடிசை ஓரத்தில் நிறுத்தி, அங்கேயே வயரை இழுத்துப் போடுகிறாள். செல்வராசு வண்டிக்கு அடியில் படுத்திருந்தபடியே "உப்புக் காத்து மேடம்" என்று மட்டும் சொன்னார். மீதியை நான் சொன்னேன். யாரையும் கேட்காமல், நன்றாகத் தெரிந்தவளைப் போல, "பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள்ளே வைத்து சார்ஜ் போடுங்கள். வெளியே மட்டும் வைக்காதீர்கள். நன்றாகக் காற்றுப் படட்டும், சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"வூட்டுக்குள்ளன்னா, நாங்க படுக்கற எடத்துலயா? ஒரே ரூம்புதான்மா" என்றாள். நான் அதற்குள் அடுத்த அழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், உள்ளேதான், என்றேன்.

"சரிமா. நீ படிச்சவ, கண்ணாடி போட்டவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே ஆறு வண்டிகள் வந்து நின்றன. ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள், ஒன்று மினி வேனில் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே நோய், சார்ஜ் ஏறவில்லை. செல்வராசு மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். சார்ஜர் செருகும் ஓட்டைக்குள் சந்தனமும் குங்குமமும் அடைத்து, காய்ந்து, இறுகிக் கிடந்தது. ஆறிலும்.

பெட்ரோல் வண்டிக்குப் பொட்டு வைக்க எத்தனையோ இடம் உண்டு. இந்த வண்டிக்கு உயிர் எந்த வழியாக உள்ளே போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அங்கேதான் வைத்தார்கள். செல்வராசு காது குடையும் பஞ்சுக் குச்சி ஒரு டப்பா வாங்கி வந்து, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு துளையாகச் சுத்தம் செய்தார். "சாமி கும்புடுங்க, வேணாங்கல. ஓட்டைக்குள்ள எதுக்குயா சந்தனத்த அப்புறீங்க?" என்று கடைசியில் கத்திவிட்டார். வண்டிக்காரர்களில் வயதான ஒருவர், கொஞ்சமும் கோபமில்லாமல், பதில் சொன்னார்:

"வாயில ஊட்டாம முதுகுலயா ஊட்டுவாங்க தம்பி?"

ஒரு பக்கக் கடிதம்

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட வரிசை எண் உள்ள பேட்டரிகளை மூடிய அறையில் சார்ஜ் செய்ய வேண்டாம், திரும்பப் பெற்று வேறு மாற்றிக் கொடுக்கவும். ஏன் என்று அதில் ஒரு வரி இல்லை. செல்வராசைக் கேட்டேன். "உப்பிக்கும் மேடம். உப்பினா..." என்று ஆரம்பித்து, கையில் இருந்த ஸ்பேனரைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். வீங்கினால் தீப்பிடிக்கும் என்பதை அவர் சொல்லாமலே புரிந்துகொண்டேன்.

எங்கள் கடையில் விற்றதில் அந்த எண்ணில் பத்தொன்பது இருந்தன. பட்டியலை விரலை வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். பதினான்காவது வரி, அஞ்சலை, மணப்பட்டு. விரல் அங்கேயே நின்றது. ஒரே அறை. படுக்கிற இடம். காற்றோட்டமாக வை என்று சொன்னவள் நான். உடனே அவள் எண்ணுக்கு அடித்தேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

குமரவேல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தீபாவளி வியாபாரம் தலைக்கு மேல் இருந்தது. வெளியே தெரிந்தால் ஒரு வண்டி போகாது. "பயமுறுத்தாம, இலவச பரிசோதனை முகாம்னு சொல்லுங்கம்மா. கொண்டு வரட்டும், மாத்திக் குடுத்துடலாம்" என்றார். அது தவறு என்று எனக்குத் தெரியும். இருந்தும் இரண்டு நாள் அப்படித்தான் சொன்னேன், தேன் தடவிய குரலில். பத்தொன்பதில் இரண்டே பேர் வந்தார்கள். வராதவர்களில் ஒருவர் காரணமும் சொன்னார்:

"இலவசம்னு கூப்ட்டு உக்கார வச்சு அத மாத்து இத மாத்துன்னு தலைல கட்டுவீங்க, எங்களுக்குத் தெரியாதா?"

உண்மையின் விளைவு

மூன்றாம் நாள் காலை குமரவேல் முன்னாலேயே போனை எடுத்து, கடிதத்தில் இருந்ததை அப்படியே ஒருவரிடம் படித்துக் காட்டினேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. எழுந்து வெளியே போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "சொல்லுங்கம்மா எல்லாருக்கும். வண்டி விக்காட்டிப் போவுது. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா இந்த ஊர்ல நான் தலை காட்ட முடியாது" என்றார். அடுத்த எண்ணை அடித்தேன்.

அன்று மத்தியானத்துக்குள் கடை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஈரச் சாக்கில் சுற்றி ஒருவர் கொண்டு வந்தார். ஒருவர் மணல் நிரப்பிய அண்டாவில் வைத்து, அண்டாவை மனைவி மடியில் வைத்து வந்தார். அந்த அம்மாள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கலியபெருமாள் மட்டும் வெறும் கையோடு வந்தார். பேட்டரி எங்கே என்றேன். நான் போனில் சொன்னதைக் கேட்டதும் அதை வயலுக்குக் கொண்டு போய்விட்டாராம். இனி அதன் கிட்டே போக மாட்டாராம், கம்பெனி ஆள்தான் வந்து எடுக்க வேண்டுமாம்.

"வெறி நாய் மாதிரி வேப்ப மரத்துல சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருக்கேன்மா, யாரயாவது வந்து அவுத்துக்கினு போவச் சொல்லு."

பாகூர் மாவு மில்

நாலாம் நாள் காலை பட்டியலில் பதினெட்டு வரிகளில் கோடு போட்டாயிற்று. பதினான்காவது வரி அப்படியே இருந்தது. அஞ்சலையின் போன் அப்போதும் அணைந்தே கிடந்தது. மணப்பட்டில் எனக்கு வேறு ஒருவரையும் தெரியாது. வானம் காலையிலிருந்தே கறுத்துக்கொண்டு வந்தது. குமரவேல் பழைய பேட்டரிகளை ஏற்றிக்கொண்டு தன் காரில் கம்பெனிக் கிடங்குக்குப் போயிருந்தார். கடையில் இருந்தது டெமோ வண்டி ஒன்றுதான். சார்ஜ் ஐம்பத்துநாலு சதவீதம். "போய்ச் சேரும் மேடம்" என்றார் செல்வராசு. எனக்குத் தெரிந்து அவர் இப்படி உறுதியாகச் சொன்னதில்லை. அதுவே என்னைப் பயமுறுத்தியது. புடவையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

நீங்கள் இந்தத் தொழிலில் இல்லாவிட்டால், வண்டியில் போகும்போது வயலையோ வானத்தையோ பார்ப்பீர்கள். நான் அவர் தோளுக்கு மேலாக அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு போனேன். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்று. எதிர்க்காற்று வேறு. முப்பத்துமூன்று. நாற்று நட்ட வயல்கள் இருபக்கமும் வந்து போயின, ஒன்றையும் பார்த்ததாக நினைவில்லை. எத்தனை பேருக்கு "பயப்படாதீர்கள், மெதுவாகப் போனால் போய்விடும்" என்று போனில் சொல்லியிருக்கிறேன்! அந்த வார்த்தைக்கு எவ்வளவு எடை என்று இருபத்துநாலில் தெரிந்தது. பாகூருக்குள் நுழையும்போது பத்தொன்பது. செல்வராசு ஒரு மாவு மில்லில் வண்டியை விட்டார்.

மில்லில் ஒரு பெண் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள், தலை முதல் கால் வரை சிவப்புத் தூள். பிளக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் காட்டினாள். அரை மணி நேரம் அரிசி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து தும்மினேன். தும்மலுக்கு நடுவே கண்ணில் வந்த தண்ணீர் மிளகாயால் மட்டும் வந்ததில்லை. எங்கே போகிறோம் என்று கேட்டாள். சொன்னேன். பேட்டரியை மாற்ற அவசரமாகப் போகிறோம், வண்டியில் பேட்டரி போதவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நெருப்பணைக்கப் போற வண்டிக்கு வழில தண்ணி இல்லன்னு சொல்றியே, நல்லாருக்குமா ஒங்க கடை!"

ஒரே ரூம்பு

மணப்பட்டில் மீன் காயும் வாசனையைத் தாண்டி மூன்றாவது வரிசையில் வீடு. கேட்ட முதல் ஆளே காட்டிவிட்டார். வாசலில் அஞ்சலையின் வண்டி நின்றது, சீட் தூக்கி, பேட்டரி இருக்கும் குழி காலியாக. உள்ளேதான் இருக்கிறது. வீட்டை ஒட்டி ஒரு நீலத் தார்ப்பாயை நாலு கம்பில் கட்டியிருந்தார்கள். அதன் கீழே பாய், தலையணை, மடித்த கொசுவலை, ஒரு பள்ளிக்கூடப் பை, சுவரில் மாட்டிய சின்ன முகக் கண்ணாடி. அஞ்சலை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடலுக்குப் போய் வந்த கணவர் பக்கத்தில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா இவ்ளோ தூரம்!" என்று சோற்றுக் கையோடு எழுந்தாள். போன் கடலில் விழுந்து பத்து நாள் ஆகிறதாம். பேட்டரி எங்கே என்று கேட்டேன். அவள் புறங்கையால் கதவைத் தள்ளித் திறந்து காட்டினாள். அந்த ஒரே அறையில் பாய் இல்லை, பானை இல்லை, மனிதர் இருந்த சுவடே இல்லை. நடுவில் ஒரு மரப்பலகை. அதன் மேல் சார்ஜில் பேட்டரி. வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறி அதன் முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு ஜன்னலும் திறந்து கிடந்தன. தூர தேசத்து விருந்தாளியை உட்கார வைத்துவிட்டு வீட்டார் வெளியே நிற்பது போல இருந்தது. செல்வராசு ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் பேட்டரி மேல் படுக்க வைத்தார். ஸ்கேல் தட்டையாகப் படுக்கவில்லை, நடுவில் மேடு தட்டி இரண்டு முனையும் ஆடியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "உப்பியிருக்கு மேடம்" என்றார்.

அஞ்சலைக்கு எதுவும் விளங்கவில்லை. தன்மேல்தான் ஏதோ குற்றம் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. குரல் உயர்ந்தது.

"நீதானம்மா உள்ள வைக்கச் சொன்ன, காத்து வரணும்னு சொன்ன, சூடாவக் கூடாதுன்னு சொன்ன! வூட்டுல ஃபேனு ஒண்ணு, ரூம்பு ஒண்ணு. அது உள்ள இருக்கட்டும்னு ஆடிலேர்ந்து நாங்க மூணு பேரும் வெளியதான் கெடக்கறோம்!"

தார்ப்பாய்

செல்வராசும் அஞ்சலையின் கணவரும் அந்தப் பேட்டரியைச் சாக்கில் ஏந்தி, வீடுகளை விட்டுத் தள்ளி, வெறும் மணலில் கொண்டு போய் வைத்தார்கள். சுற்றிலும் கம்பு நட்டு வலைக் கயிறு கட்டி, ஒருவரும் கிட்டே போகாதபடி செய்தார்கள். கடிதத்தில் இருந்ததை நான் அஞ்சலையிடம் சொன்னேன். கம்பெனி வந்து எடுத்துக்கொள்ளும், வேறு வரும் என்றேன். "எப்போ வரும்?" என்றாள். பத்து நாள் ஆகலாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். பத்து நாள் மீன் எடுக்காவிட்டால், அவள் போகும் தெருக்களுக்கு வேறு ஆள் வந்துவிடும். காலி ஐஸ் பெட்டியைப் பார்த்தாள்.

டெமோ வண்டியின் பேட்டரி வேறு வரிசை. அஞ்சலையின் வண்டிக்கும் பொருந்தும். யாரையும் கேட்காமல் இதையும் நான்தான் சொன்னேன், "கழற்றிப் போடுங்கள் செல்வராசு." அவர் கழற்றினார். குமரவேலுக்கு போன் செய்து சொன்னேன். "சரிம்மா. பஸ்ஸுல பத்திரமா வாங்க. வண்டிய அங்கயே வுட்டுட்டு வாங்க, வேற வழி?" என்றார். அந்த டெமோ பேட்டரியை இடுப்பில் வைத்துக்கொண்டு அஞ்சலை என் முன்னால் வந்து நின்று, "இத எங்க வைக்கட்டும்?" என்று கேட்டாள். நான் செல்வராசைக் கைகாட்டினேன். செல்வராசுதான் பதில் சொன்னார். கூரைக்குக் கீழே, வெளிச்சுவர் ஓரமாக, ஒரு மரப்பெட்டி அடித்து அதற்குள் வைக்கச் சொன்னார். படுக்கிற அறைக்குள் எந்தப் பேட்டரியும் வேண்டாம், துருப்பிடித்தால் தேய்த்துத் தருகிறேன் என்றார்.

அப்போது முதல் தூறல் விழுந்தது. பெரிய துளிகள், தார்ப்பாயில் பட்டுப் பட்டென்று. அஞ்சலை அண்ணாந்து பார்த்துவிட்டு, பாயையும் தலையணையையும் பள்ளிக்கூடப் பையையும் வாரி எடுத்து அந்த அறைக்குள் போட்டாள். விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அந்த வீட்டுக்குள் ஆள் நடமாடும் சத்தம் மூன்று மாதம் கழித்து அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று செல்வராசு குடையை விரித்தார். அஞ்சலை கதவருகே வந்து, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னாள்:

"நல்ல நாளா பாத்து வந்தம்மா. ஆவணி தூத்தலுக்குத் தார்ப்பாய் தாங்கிச்சு, ஐப்பசிக்குத் தாங்காது. இன்னிக்கு ராவுலேர்ந்து அதுங்கூடவே உள்ள படுத்துக்கலாம்னு இருந்தோம்."

இப்போதெல்லாம் போனில் யாருக்கு என்ன யோசனை சொன்னாலும், "நான் சொன்னதிலிருந்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் வைக்கிறேன், கிழவிக்குக் காது மந்தம் என்று வில்லியனூர் முழுக்கப் பேசிக்கொள்கிறார்களாம், பேசட்டும்.